ஆறாம் நம்பர் உப்பு

ஸுஹைல் சேர் முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்டபோது ஆய்வுகூடத்தில் அவரைத் தவிர யாரும் இல்லை. காலை பத்தரை மணி. வெளியே மைதானத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். தாங்கியில் நிமிர்ந்து நின்ற அளவியிலிருந்து, அந்த நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து, காரக் கரைசல் சொட்டுச் சொட்டாகக் கீழே இருந்த குடுவைக்குள் விழுந்துகொண்டிருந்தது. பின்னால், கழுவும் தொட்டிப் பக்கம், யாரோ சாவியால் சீமெந்து விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார்கள்.

டிக்.

அவருடைய விரல்கள் தாமாகவே அளவியின் திருகை மூடின. பிறகுதான் திரும்பிப் பார்த்தார். தொட்டி காய்ந்து கிடந்தது. களஞ்சிய அறைச் சாவி அவருடைய காற்சட்டைப் பைக்குள் இருந்தது. அந்தச் சாவியால் அப்படித் தட்டக்கூடிய ஒரே ஆள் ஆய்வுகூட உதவியாளர் புஷ்பவதி. அவர் இறந்து இரண்டரை வருடமாகிவிட்டது.

ஸுஹைல் குடுவையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். அந்த வழியாகப் போன ஒரு மாணவியை நிறுத்தி, சோதிக்கிற வாத்தியாரின் குரலில் கேட்டார்.

"மகள், இது என்ன கலர்?"

பிள்ளை குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. "ரோஸ் சேர். மிச்சம் லேசு. இருக்கா இல்லையாண்டு ஒரு ரோஸ்."

அமிலமும் காரமும் சரிசமமாகும் முடிவுப்புள்ளி அதுதான். ஒரு சொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் திரும்பி உள்ளே போய், வாய்க்குள் காவலுக்கு ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டு, கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஸுஹைலுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறவியிலேயே அப்படி. பலாபத்வலவில் அவருடைய வாப்பாவுக்கு மிளகுத் தோட்டம் இருந்தது. கொத்தில் இரண்டு மணி சிவந்தால்தான் பறிக்க வேண்டும். அண்ணன்மார் ஏணியில் ஏறிப் பார்த்துப் பார்த்துப் பறிப்பார்கள். ஸுஹைல் கைக்கு வந்ததையெல்லாம் பறித்துக்கொண்டு இறங்குவார். "கண்ணை எங்க வெச்சிட்டுப் பறிக்கிற நீ?" என்று வாப்பா ஏசுவார். சோம்பல் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்தக் கொத்துகளில் நடக்கிறது என்பதே அவருக்கு வெகுநாளாகப் புரியவில்லை. புரிந்தபோது வெட்கமாக இருந்தது. ஒளித்துவைக்கப் பழகிக்கொண்டார்.

அப்படிப்பட்டவர் இரசாயனம் படித்தார். பல்கலைக்கழகத்தில் செய்முறைக்குக் கூட்டாளியாக நின்ற நண்பன் காரணம் கேட்காமல் நிறங்களைச் சொல்லுவான். கணக்கை இவர் செய்துகொடுப்பார். நியமனத்துக்கு முன் நடந்த மருத்துவச் சோதனையில் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள். நிறத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 2001இல் மாத்தளை நகரத்தில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலைக்கு உயர்தர இரசாயன ஆசிரியராக வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அங்கேதான்.

கைவேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. குழாயி என்ற உறிஞ்சு குழலில் இருபத்தைந்து கன சென்ரிமீற்றர் கரைசலை உறிஞ்சி, கோட்டில் நிறுத்தி, குடுவைக்குள் விட்டு, நுனியைக் கண்ணாடிச் சுவரில் ஒரு தரம் தொட்டு எடுப்பார். கூர்முனையில் மிஞ்சும் துளியை ஊதித் தள்ளவே மாட்டார், பிள்ளைகள் ஊதினால் கையைப் பிடித்துவிடுவார். அளவியைக் கழுவும் விதம், புனலை எடுத்துவிடும் பழக்கம், கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து அளவை வாசிக்கும் பொறுமை, நுனியில் தொங்கும் அரைச் சொட்டைக் கழுவற் போத்தலால் உள்ளே சேர்க்கும் நேர்த்தி, எல்லாம் ஒழுங்கு. கடைசியில் வரவேண்டிய அந்த இளஞ்சிவப்பு மட்டும் அவருக்கு வராது. காரம் வெகுவாகக் கூடிய பிறகு தண்ணீரில் சாம்பல் கரைந்த மாதிரி ஏதோ தெரியும். வந்தது தெரியாது, கடந்துபோனதுதான் தெரியும்.

புஷ்பவதி அதை இரண்டாவது வருடமே கண்டுபிடித்துவிட்டார். மாத்தளைக்காரப் பெண், ஸுஹைலைவிட ஆறு வயது மூப்பு. ஒரு நாள் வகுப்புக்கு நியமிப்பை, அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் சொட்டில் நிறுத்துவதை, செய்துகாட்டியபோது ஸுஹைல் நிறுத்தவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். தொட்டியடியில் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்த புஷ்பவதி ஒன்றும் பேசவில்லை. அடுத்த தடவை, சரியான சொட்டு விழுந்த கணத்தில், கையிலிருந்த சாவி தொட்டி விளிம்பில் பட்டது. டிக். ஸுஹைல் திரும்பிப் பார்த்தார். அவர் தன் பாட்டில் குழாய்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவையும் சாவி பட்டபோது ஸுஹைலுக்கு விளங்கிவிட்டது.

பத்தொன்பது வருடம் அப்படியே போனது. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. "பச்சைப் போத்தலை எடுங்க" என்று புஷ்பவதி சொல்லமாட்டார். "எடது பக்கம் ரெண்டாவது போத்தல், சேர்" என்பார். ஸுஹைலின் மனைவி மஸீனாவும் வீட்டில் அப்படித்தான்: "மேல் தட்டுல மடிச்சி வெச்சிருக்கிற சேர்ட்டப் போடுங்க." உலகத்தில் அந்த இரண்டு பெண்களுக்கு மட்டும் தெரியும் என்று அவர் நம்பியிருந்தார்.

2013 யூனில் ஒரு நாள். உயர்தர வகுப்புக்குச் சுவாலைச் சோதனை. கம்பி நுனியை அமிலத்தில் தோய்த்து, உப்பில் தொட்டு, நெருப்பில் பிடித்தால், உப்பிலிருக்கும் உலோகம் எதுவென்று சுவாலையின் நிறம் காட்டிக்கொடுக்கும். புஷ்பவதி முதல் நாளே எட்டுக் குழாய்களில் எட்டு உப்புகளைப் போட்டு இலக்கம் ஒட்டியிருந்தார். எந்த இலக்கத்தில் எந்த உப்பு என்று எழுதிய துண்டை வகுப்புக்கு முன் பதிவேட்டுக்குள் மடித்து வைப்பது அவருடைய வழக்கம். ஆனால் அன்று விடிய அவருடைய மகளுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. துண்டு அவருடைய கைப்பையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

செய்முறையைத் தள்ளிப்போட முடியாமல், வகுப்பைப் பார்வையிட இரண்டு அதிகாரிகள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

முன் மேசையில் நப்லா. பல்லேபொலவிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வருகிற பிள்ளை. பதினேழு வயது, துடுக்கு, கேட்காமல் விடுகிற கேள்வி கிடையாது. கம்பியைச் சுத்தமாக எரித்துவிட்டு ஆறாம் குழாயில் தொட்டுப் பிடித்தாள்.

"சேர், ஆறாம் நம்பர் பேரியம். பச்சை வருது."

ஸுஹைல் பார்த்தார். நெருப்பு மஞ்சளாகத்தான் எரிந்தது. அதற்கு முன் வந்த நாலைந்தும் அவருக்கு ஏறக்குறைய அப்படித்தான் எரிந்தன.

"சேர் என்ன சொல்றீங்க?" என்று பின்னாலிருந்து ஓர் அதிகாரி சிரித்த முகத்தோடு கேட்டார்.

ஏதாவது சொல்லியாக வேண்டும். கல்சியம் எப்போதும் வைக்கிற உப்பு. "கல்சியம்," என்றார் ஸுஹைல். "செங்கட்டிச் சிவப்பு. நல்லாப் பாருங்க."

நப்லா மறுபடி கம்பியைப் பிடித்தாள். குனிந்து பார்த்தாள். "இல்ல சேர். பச்சைதான்."

"மகள், வாப்பாகிட்டச் சொல்லி முதல்ல கண்ணை டெஸ்ட் பண்ணிட்டு வாங்க."

வகுப்பு சிரித்தது. அதிகாரிகளும் சிரித்தார்கள். பக்கத்து மேசையில் இரண்டு பேர் "பச்சை" என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டுச் "சிவப்பு" என்று எழுதியதை ஸுஹைல் கண்டார். நப்லா சிரிக்கவில்லை. நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்துப் புஷ்பவதி வேலைக்கு வந்தார். பேரன் பிறந்த சந்தோசத்தில் எல்லாருக்கும் டொபி கொடுத்தார். பத்து மணிக்கு ஸுஹைல் பதிவேட்டைத் திறந்தபோது துண்டு உள்ளே இருந்தது. 6 – பேரியம். அன்றே வகுப்புக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். "நான் பிழை, நப்லா சரி" என்றால் முடிந்துவிடும். துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த நியமிப்பில் சாவி வழக்கம்போலத் தட்டியது, கொஞ்சம் பலமாக.

மறு வாரம் நப்லா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். தடித்த கறுப்புச் சட்டம். அன்றிலிருந்து அவள் எந்த நிறத்தையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கத்துப் பிள்ளை சொன்ன பிறகு எழுதுவாள். சுடரடுப்பு எரியும் நாட்களில் அவளுடைய இரண்டு வில்லைகளிலும் இரண்டு சின்னச் சுவாலைகள் தெரியும். ஸுஹைல் அந்தப் பக்கம் பார்க்காமல் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டார். பரீட்சை முடிந்தது. இரசாயனத்தில் அவளுக்கு 'எஸ்', ஆகக் குறைந்த சித்திதான் வந்தது. பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை.

2021 ஓகஸ்டில் பாடசாலைகள் மூடியிருந்தபோது புஷ்பவதிக்குக் கொரோனா வந்தது. ஒன்பதாம் நாள் இறந்துவிட்டார். உடலை வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. யாரும் போகவில்லை, போகவும் முடியாது. ஸுஹைல் தொலைபேசியில் புஷ்பவதியின் மகளிடம் பேசினார். "நல்ல மனுசி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

புஷ்பவதியின் இடத்துக்கு யாரும் நியமிக்கப்படவில்லை. பாடசாலை திறந்த பிறகும் ஸுஹைல் ஆய்வுகூடத்தைத் திறக்கவில்லை. செய்முறையைக் கரும்பலகையில் நடத்தினார். பிள்ளைகள் சுவாலை நிறங்களை வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கினார்கள். 2024 சனவரியில் புதிய அதிபராக வந்த றஸ்மியா மெடம் ஒரு வாரத்திலேயே அவரைக் கூப்பிட்டார்.

"சேர், லெப்புல மூணு வருஷமா ஒண்டுமே நடக்கல்லயாமே. பெட்டி பெட்டியா சாமான் வந்து கிடக்குது. இந்த மாசம் தொடங்குங்க."

அதற்கு ஒத்திகை பார்க்கத்தான் அவர் அன்று தனியாக உள்ளே போனார். அன்றுதான் சாவி தட்டியது.

அடுத்த புதன்கிழமை வகுப்பு முன்னிலையிலும் தட்டியது. பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு மட்டும்தான் கேட்டது. அவர் திருகை மூடினார். "ஆ, வந்துட்டு!" என்று பிள்ளைகள் சத்தமிட்டார்கள். அடுத்த இரண்டு தடவையும் அப்படியே. அளவுகள் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி வந்தன. ஸுஹைலுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் அதோடு ஓர் ஆறுதலும் இருந்தது. யாரோ இன்னும் தன்னைக் காப்பாற்றுகிறார்கள் என்ற ஆறுதல். தொழுகையில் நிற்கும்போது அந்த ஆறுதலை நினைத்துப் பயந்தார்.

பெப்ரவரியில் சுவாலைச் சோதனை வந்தது. பிள்ளைகளைப் பின் மேசைகளில் நிறுத்திவிட்டு, முன் மேசையை வெறுமையாக விட்டிருந்தார். சுடரடுப்பை ஏற்றினார். முதற் பிள்ளை கம்பியை நெருப்பில் பிடித்தது. டிக். ஸுஹைல் ஒன்றும் சொல்லவில்லை. டிக், டிக். நெருப்பு அணைந்தாற்போல் தாழ்ந்து மறுபடி எழும்பியது. டிக், டிக், டிக், டிக். தொட்டி விளிம்பு உடைந்துவிடும்போல யாரோ விடாமல் தட்டிக்கொண்டேயிருந்தார்கள். வெறுமையான முன் மேசைக்கு மேலே, ஒரு பிள்ளையின் முகம் இருக்கவேண்டிய உயரத்தில், இரண்டு வட்டச் சுவாலைகள் அசையாமல் எரிந்தன.

"சேர்?" என்றது யாரோ ஒரு பிள்ளை.

அவர் எரிவாயுவை மூடிவிட்டு வெளியே போய்விட்டார். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி அடிக்கும்வரை உள்ளே போகவில்லை.

அன்று பின்னேரம் மஸீனா சோற்றுப் பானையை அடுப்பில் வைத்திருந்தார். கஞ்சி பொங்கி நெருப்பில் வழிந்தது. குசினி வாசலில் நின்ற ஸுஹைல் அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன அப்பிடிப் பாக்குறீங்க? ஒரு மாசமா நீங்க நீங்களா இல்ல."

அவர் அங்கேயே, குசினி வாங்கில் உட்கார்ந்து, பதினொரு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். ஆறாம் நம்பரை, கண்ணாடியை, மடித்து வைத்த துண்டை, சாவிச் சத்தத்தை. மஸீனா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் புள்ள இப்ப எங்க?"

"பல்லேபொலையிலதான். கல்யாணம் முடிச்சிட்டாளாம்."

"சனிக்கிழம போவோம். நானும் வாரேன்."

சனிக்கிழமை பஸ்ஸில் போய் இறங்கி, ஒரு திரீவீலர் பிடித்து, பழைய மாணவர்களிடம் விசாரித்து வைத்திருந்த விலாசத்துக்குப் போனார்கள். வழி நெடுகிலும் ஸுஹைல் சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். வீட்டு வாசலில் "கேக் ஓடர் எடுக்கப்படும்" என்று ஒரு மட்டை தொங்கியது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நப்லா வந்தாள். இருபத்தெட்டு வயது. முகத்தில் கண்ணாடி இல்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும், சேர்! வாங்க, உள்ளுக்கு வாங்க. மாமியும் வாங்க." கதிரைகளை இழுத்தாள். "சேர், அந்தச் சிவப்புக் கதிரையில இருக்காதீங்க, கால் ஆடும். பச்சை…" என்று தொடங்கியவள் சட்டென்று நிறுத்தினாள். "ஜன்னலோட கிடக்கிறதுல இருங்க."

ஸுஹைல் உட்காரவில்லை. அவருக்கு அந்த இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளும் ஒரே மாதிரி. அதை அவள் தெரிந்து வைத்திருக்கிறாள். அவர் மஸீனாவைப் பார்த்தார். மஸீனாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகள், ஒங்களுக்கு யாரு சொன்ன?"

நப்லா துணியை மடித்தாள், விரித்தாள். "புஷ்பா அக்கா," என்றாள்.

"எப்ப?"

"அந்த வாரமே சேர். வகுப்புப் புள்ளைகள் சொல்லிக் கேள்விப்பட்டு, ஞாயித்துக்கிழம பஸ்ஸெடுத்து வந்தாங்க. நானும் உம்மாவும்தான் வீட்டுல. ஒரு டிஷூவுல சுத்தி கம்பியும், மூடி போட்ட சின்னக் குழாயும் கொண்டு வந்தாங்க. எங்கட கேஸ் அடுப்புலதான் பிடிச்சிக் காட்டினாங்க. சாப்பாட்டுச் சாமான் எல்லாத்தையும் தூக்கி அங்கால வைக்கச் சொல்லிட்டுத்தான். பச்சை சேர், அப்பிடி ஒரு பச்சை. உம்மாவும் பாத்தாங்க. 'மகளே, ஒங்க கண்ணு நல்ல கண்ணு. சேருக்குத்தான் இது வெளங்காது. வேணும்னு செஞ்சதில்ல'ண்டு சொன்னாங்க."

ஸுஹைல் மெதுவாக உட்கார்ந்தார்.

"வெளிய சொல்லவேணாண்டு கேட்டுக்கிட்டாங்க. 'தெரிஞ்சா அவர எடுத்துருவாங்க, நம்ம புள்ளைகளுக்குத் தமிழ்ல கெமிஸ்ட்ரி சொல்லித்தர வேற யாரு இருக்கா'ண்டு. சரிண்டுட்டேன். எனக்குப் பதினேழு வயசு சேர். அவ்வளவு பெரிய விஷயத்த என்ட தலையில வெச்சிட்டு அவங்க பஸ்ஸேறிப் போயிட்டாங்க."

"அந்தக் கண்ணாடி?"

"அதுக்கு முந்தின நாளே வாப்பா ஓடர் குடுத்துட்டாரு. அதுல பவரே இல்ல. சும்மா கண்ணாடி. கண்ணு சரிண்டு நான் சொன்னா, அப்ப சேர் ஏன் அப்பிடிச் சொன்னாருண்டு கேட்டு ஸ்கூலுக்கே வந்திருப்பாரு. அதால போட்டுக்கிட்டேன். ரெண்டு வருஷம்."

உள்ளே ஒரு குழந்தை கூப்பிட்டது. நப்லா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். இப்போது அவள் குரல் மாறியிருந்தது.

"ஒவ்வொரு செய்முறையிலயும் நான் ஒங்களத்தான் பாத்துட்டு இருப்பேன் சேர். இண்டைக்குச் சொல்லுவாரு, இண்டைக்குச் சொல்லுவாருண்டு. நீங்க என்ட பக்கமே பாக்கமாட்டீங்க. புஷ்பா அக்கா போகக்குள்ள சொன்னாங்க, 'ஒரு நாளைக்கு அவரே சொல்லுவாரு, இருந்து பாருங்க'ண்டு. அவங்களும் பாத்துட்டுத்தான் இருந்திருப்பாங்க."

புஷ்பவதி அதற்குப் பிறகு எட்டு வருடம் உயிரோடு இருந்தார். எட்டு வருடமும் ஒரே அறைக்குள், தொட்டியடியில், முதுகைக் காட்டிக்கொண்டு.

"என்னாலதான் மகள் ஒங்கட படிப்பு…"

"கெமிஸ்ட்ரி எஸ் வந்ததா? அது ஒங்களால இல்ல சேர். நான் ஓகானிக் பக்கமே போகல்ல." அவள் கொஞ்சம் சிரித்தாள். "அதுக்கும் நீங்கதான் காரணம்ண்டு நெனச்சிட்டு இருந்தீங்களா?"

மஸீனா மெல்லச் சொன்னார்: "மகள், இவர மன்னிச்சிருங்க."

நப்லா யோசித்தாள். அவசரப்படாமல் யோசித்தாள். "மன்னிச்சிட்டேண்டு சொல்ல வாய் வரல்ல மாமி. சொன்னாப் பொய்யாப் போயிரும்."

"சொல்ல வேணாம்," என்றார் ஸுஹைல். "அதுக்கு நான் வரல்ல."

தேநீர் வந்தது. கேக் வெட்டும்போது விழுந்த ஓரங்களை ஒரு தட்டில் வைத்தாள். குடித்து முடிக்கும் நேரத்தில் அவளே கேட்டாள்.

"நான் அப்பவே கேக்க நெனச்சது சேர். நிறம் தெரியாத ஆளு ஏன் கெமிஸ்ட்ரிக்குப் போனீங்க?"

ஸுஹைல் கோப்பையைக் கீழே வைத்தார். "புத்தகத்துல எல்லா நிறத்துக்கும் ஒரு நம்பர் இருந்துச்சு மகள். இன்ன நிறத்துக்கு இத்தனை நனோமீற்றர்ண்டு. மத்தவங்க காணுறத நான் அந்த நம்பர்லயாவது காணலாமேண்டு நெனச்சேன்."

போகும்போது அவள் வாசல்வரை வந்து, படி ஒன்று உடைந்திருப்பதைக் காட்டி, "பாத்து இறங்குங்க சேர்" என்றாள்.

அடுத்த புதன்கிழமை உயர்தர வகுப்புக்கு மறுபடி நியமிப்பு. ஸுஹைல் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். குடுவைக்கு அடியில் வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்றை வைத்தார். இடது கையால் திருகைப் பிடித்து, வலது கையால் குடுவையைச் சுழற்றினார். காது பின்னால் இருந்தது. சொட்டுகள் விழுந்தன. அளவு இருபத்து மூன்றைத் தாண்டியது. சத்தம் இல்லை. இருபத்து நாலு. மின்விசிறி மட்டும் சுற்றியது. இருபத்து நாலரை. அந்த அறையில் அத்தனை வருடமாக அவருக்குப் பின்னால் யாரோ ஒருவர் இருந்தார் என்பது, இப்போது யாரும் இல்லை என்ற போதுதான் முழுசாகத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. சொட்டு விழுந்துகொண்டேயிருந்தது.

"சேர்…" என்றாள் முன்னால் நின்ற அம்றா. "கூடிப்போச்சு சேர். நல்லாக் கூடிப்போச்சு."

ஸுஹைல் திருகை மூடினார். குடுவையைத் தூக்கி எல்லாருக்கும் தெரியும்படி பிடித்தார்.

"இது என்ன கலர்ண்டு எனக்குத் தெரியாது," என்றார். "எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. பிறந்ததிலயிருந்தே."

யாரும் சிரிக்கவில்லை. நிமலன் என்ற மாணவன் கேட்டான்: "அப்ப இவ்வளவு நாளும் எப்பிடி சேர்?"

அவர் சொன்னார். புஷ்பவதியைப் பற்றிச் சொன்னார். சாவியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஆறாம் நம்பர் உப்பைச் சரியாகச் சொன்ன ஒரு பிள்ளையை வகுப்பு முழுக்கச் சிரிக்க வைத்ததைச் சொன்னார், பேரைச் சொல்லவில்லை. புஷ்பவதி இறந்த பிறகு கேட்ட சத்தத்தைப் பற்றியும் சொல்லவில்லை. மணி அடித்தபோது பிள்ளைகள் வழக்கம்போலத் தள்ளிக்கொண்டு ஓடாமல், ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அலுவலக விஷயம். இரண்டு பெற்றோர் அதிபரிடம் வந்து முறையிட்டார்கள். "இத எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே சேர்," என்று றஸ்மியா மெடம் கோபப்பட்டார். கோபம் ஆறிய பிறகு, மேலிடத்துக்கு அவரே கடிதம் எழுதினார். கண் மருத்துவரிடம் அறிக்கை கேட்டார்கள். மருத்துவர் புள்ளிகளால் ஆன படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதற் படத்தில் இருந்த பன்னிரண்டை ஸுஹைல் வாசித்தார். அதை எல்லாராலும் வாசிக்க முடியுமாம். மற்றப் படங்களில் புள்ளிகள்தான் இருந்தன. அறிக்கை போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை நடத்துங்கள் என்றார் அதிபர்.

சாவிச் சத்தம் அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. எல்லாரும் போன பிறகு அவர் சில நாட்களில் தொட்டியடியில் போய்ச் சும்மா நிற்பதுண்டு. ஒன்றும் கேட்காது. முன் மேசையில் தெரிகிற அந்த இரண்டு சுவாலைகள் மட்டும் போகவில்லை. சுடரடுப்பு ஏற்றுகிற நாளில் அவை வந்துவிடும். இப்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. அவை இருக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார்.

செய்முறையை இப்போது இருவர் இருவராகச் செய்கிறார்கள். ஒருவர் திருகைப் பிடிப்பார், மற்றவர் நிறத்தைச் சொல்லுவார். போன வாரம் அம்றாவும் நிமலனும் சண்டை பிடித்தார்கள்.

"வந்துட்டு, நிப்பாட்டு!"

"எங்க வந்த? அது வெளிச்சம்."

"நல்லாப் பாரு, ஓட்டுக்கு மேல வெச்சுப் பாரு."

"வரல்ல அம்றா. இன்னும் ஒரு சொட்டு."

இருவரும் பழக்கதோசத்தில் சேரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஸுஹைல் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். வெள்ளை ஓடும், அதன்மேல் தண்ணீரும்தான் அவருக்குத் தெரிந்தன.

"எனக்குத் தெரியாது," என்றார். "அளவ எழுதி வெச்சிட்டுத் திரும்பச் செய்ங்க."

நிமலன் முணுமுணுத்துக்கொண்டே குடுவையைக் கழுவப் போனான். அம்றா அளவியை மறுபடி நிரப்பி, புனலை எடுத்துவிட்டு, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து ஆரம்ப அளவைச் சத்தமாக வாசித்தாள்.